ஒரு பக்கமும் முந்நூறு பக்கமும் ஒன்றா?

பிள்ளைகளே, போன வாரம் வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் கதை கிடையாது. கோபம்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. நம் கடைதான் தெரியுமே... திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வீட்டின் முன் அறையில் ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம். மாணவியர் விடுதி ஒன்றுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு சரி.

அம்மையார்குப்பத்திலிருந்து லாவண்யா வந்திருந்தாள். கூட அவள் அப்பா முனிரத்தினம், பவர்லூம் ஓட்டுகிறவர். விடுதி கிடைத்தால் அவள் சென்னையில் நர்சிங் படிப்பாள். கிடைக்காவிட்டால்? வீட்டிலேயே தறி இருக்கிறது, போய் உட்கார வேண்டியதுதான்.

நான்காவது முறையாகப் பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றியது... சுற்றியது... 'மீண்டும் முயற்சிக்கவும்.'

"இன்னாங்க இது? தறிய நிறுத்திட்டு வந்துகிறேன், இங்க வந்தா இது நின்னுகினு கீது" என்றார் முனிரத்தினம்.

"நம்ம நெட்டு நல்லாத்தான் கீது. கோளாறு அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் என்று நான் சொன்னது எங்கள் வீட்டுப் பின் அறையை. என் மகள் ரேவதி அங்கே உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாள். அந்த விடுதியின் வெப்சைட் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் கம்பெனி. போய் எட்டிப் பார்த்தேன். முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும் நைனா. நான் போட்ட நம்பர காலைல எடுத்துட்டாங்க."

என்ன நம்பர்? எனக்கும் முதலில் புரியவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அவள் சொன்னதை உங்களுக்கு என் கடைக் கணக்கில் சொல்கிறேன்.

ஒரு நாள் நூறு பேர் என்னிடம் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வருகிறார்கள். ஒரே ஒருவர் முந்நூறு பக்கம் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட வருகிறார். சாயங்காலம் மொத்த உழைப்பையும் கூட்டி, நூற்றொன்றால் வகுத்து, 'ஆளுக்கு ஒரு நிமிடம்' என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? அன்றைக்குக் கணக்கு சரியாகத்தான் தெரியும். மறுநாள் நாற்பது பேர் ஸ்பைரலுக்கு வந்து நின்றால்... கடை என்ன ஆகும்?

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் டூலும் இதைத்தான் செய்திருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு உழைப்பு என்று அதுவாகவே ஒரு மதிப்பு போடும். அதை வைத்துத்தான் ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும். மூன்று வாரமாக வந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். சர்டிபிகேட் ஏற்றியவர்கள் கொஞ்சம் பேர். ஆகவே, 'இரண்டும் ஏறக்குறைய ஒன்று' என்று முடிவு கட்டிவிட்டது. கடைசி நாள் எல்லோரும் ஏற்ற வந்தார்கள். எல்லோரையும் ஒன்றாக உள்ளே விட்டு... மூச்சு முட்டிவிட்டது.

இது நடக்கும் என்று ரேவதி முந்தின வாரமே சொல்லியிருக்கிறாள். அந்த மதிப்பைக் கையால் மாற்றியும் வைத்திருக்கிறாள். டூல் இருக்கும்போது கை எதற்கு என்று அன்று காலை கம்பெனியில் அதை அழித்துவிட்டார்கள்.

மேனேஜருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது.

"ரேவதி, டூல் மூணு வாரமா அளந்திருக்கு. நீங்க மனசுல தோணுறத போடுவீங்களா?"

"மனசுல தோணல சார், அளந்துட்டேன். சும்மா இருந்த மெஷின்ல ஒரு விண்ணப்பத்த மட்டும் ஓட்டிப் பாத்தேன். ஒருத்தர் ஏத்துறது, நாப்பது பேர் பக்கத்த பாக்குறதுக்கு சமம்."

"நாங்க மூணு ஃபைல் வெச்சு டெஸ்ட் பண்ணோம். அவ்ளோ வரலையே?"

ரேவதி என் பக்கம் திரும்பினாள். "நைனா, லாவண்யாவுக்கு எத்தினி ஃபைல்?"

"பன்னெண்டு."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். அஞ்சாவது வரை ஆந்திரா பக்கம் நகரியில் தெலுங்கு ஸ்கூல், அப்புறம் இந்தப் பக்கம் தமிழ் ஸ்கூல். தெலுங்கு டிசி ஒன்று, அதற்குத் தமிழ் நகல் ஒன்று, இரண்டு மாநில இருப்பிடச் சான்று... சென்னையில் உட்கார்ந்து மூன்று ஃபைலோடு டெஸ்ட் செய்தவருக்கு இது எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே.

என் பின்னால் வந்து நின்ற முனிரத்தினம் போனைப் பார்த்துச் சொன்னார். "சார், சாதா நாள்ல படி ஏறுற நேரத்த அளந்துகினு, படிபூஜ அன்னிக்கும் அதே நேரத்துல ஏறுன்னா எப்டி சார் ஏறுவாங்க?"

படிபூஜை அன்று எங்கள் முருகன் மலைப் படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றித்தான் அடுத்த படியில் கால் வைப்போம். அதே ஆள், அதே முந்நூற்று அறுபத்தைந்து படி... நேரம் மட்டும் ஒன்றாகுமா?

மேனேஜர் கேட்டார்: "யாரது லைன்ல?"

"யூசர் சார்" என்றாள் ரேவதி.

"மெயில் போடுங்க, நாளைக்குப் பேசலாம்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கே டேட் முடிஞ்சிடும் சார்."

"அப்ப மாத்திக்குங்க. பொறுப்பு உங்களோடது."

"ஆங், என்னோடது."

எண்ணை மாற்றினாள். நான் முன் அறைக்கு ஓடினேன். சர்வர் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை உள்ளே விட்டது. 'காத்திருக்கவும்' என்று வந்தது. காத்திருந்தோம். லாவண்யா நகத்தைக் கடித்தாள். முனிரத்தினம், "அத்த துன்னாத, கைரேக கேட்டா இன்னா பண்ணுவ?" என்றார். நாலே முக்காலுக்கு அவள் விண்ணப்ப எண் வந்தது. இடம் கிடைப்பது இனி அவள் மார்க்கின் பாடு.

ஆனால் காலையில் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஆறு முறை முயன்றுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அவளுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மணி வரை எடுக்கவில்லை.

அவளுக்கு யார் பதில் சொல்வது? டூலா?

பிள்ளைகளே, உங்களுக்கும் யாராவது ஒரு எண் போட்டுவைத்திருப்பார்கள். 'இவன் இவ்வளவுதான், இவளுக்கு இது போதும்' என்று. எந்த நாளில் அளந்தீர்கள், என் பையில் எத்தனை இருக்கிறது என்று பார்த்தீர்களா... தைரியமாகக் கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ரிப்போர்ட் வந்தது. ரேவதி படித்துக் காட்டினாள். அதில் அவள் பெயர் இல்லை. பள்ளிப்பட்டுப் பெண்ணும் இல்லை. ஒரே வரி — 'மாலையில் டூல் தன் மதிப்பீட்டைத் தானாகவே சரிசெய்துகொண்டது.'

தானாகவா? என் கடை ஜெராக்ஸ் மெஷின்கூட நான் இரண்டு தட்டு தட்டினால்தான் ஓடுகிறது!