சுகுணாவின் காதுக்காக நான் போட்ட ஜெபக் குறிப்பு

என்னோடு சேர்ந்து முழங்கால் போடுகிற உங்கள் எல்லாருக்கும் என் அன்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, காணாமல் போன பிள்ளை வீடு வந்து சேர்ந்தது என்று சாட்சி சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். அதையெல்லாம் தலை நிமிர்ந்து சொல்லலாம். எனக்கு வந்த வியாதி பொறாமை. இரண்டு வருடம் அது என்னைத் தின்றது. சோறு இறங்கவில்லை, ஆராதனையில் பாட்டு வரவில்லை. என்னைச் சாகும்வரை விடாது என்றே நினைத்திருந்தேன்.

என் பெயர் எஸ்தர். ஆந்திராவில் புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டுகிறார். நான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர மாலையாகிவிடும். அந்த வேலையை சுகுணாவுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஒரே சபை, ஒரே பஸ். எங்கள் சபையில் சகோதரிகளை இரண்டிரண்டு பேராக ஜெபத் துணை என்று சேர்த்து வைப்பார்கள். அவள் என் துணை. நான் அவளுக்காக ஜெபிக்க வேண்டும், அவள் எனக்காக.

லைன் லீடர் பதவிக்காக நான் மூன்று வருடம் உபவாசம் இருந்து ஜெபித்தேன். பதவி வந்தது. அவளுக்கு வந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவள், எட்டு வயது இளையவள், லீடருக்கான நீலத் தொப்பி போட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா, கொஞ்சம் வேகமா" என்று சொல்ல ஆரம்பித்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அடுத்த ஞாயிறு அவள் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். எல்லாரையும் விட நான்தான் சத்தமாகக் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு எது நடந்தாலும் எனக்குக் கணக்கு வந்துவிடும். அவள் பிள்ளை முதல் ரேங்க் எடுத்தால் என் பிள்ளை மேல் எரிந்து விழுவேன். அவள் வீட்டுக் கூரையில் ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள் என்று கேட்ட அன்று எனக்குத் தலைவலி. "ஆண்டவரே, அவளுக்குக் கொடுத்தீர், எனக்கு ஏன் இல்லை" என்று கேட்பதுதான் என் ஜெபம். போகப் போக அதுவும் போய், "அவளுக்கு ஏன்" என்பது மட்டும் மிஞ்சியது.

என் கொழுந்தன் முரளி திருப்பதியில் செல்போன் கடையில் வேலை செய்கிறான். சபைக்கு வரமாட்டான், ஆனால் என்னைச் சீண்டாமல் இருக்கமாட்டான். "அண்ணி, ரெண்டாயிரம் வருசத்து புக்கு. அதுல ஸ்ரீ சிட்டி இருக்குதா, வாட்ஸ்ஆப்பு இருக்குதா? இப்போ பொழைக்கிற பொழப்புக்கு அது எப்படி ஒத்து வரும்?" என்பான். வேதம் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று அவனோடு நான் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். வசனம் வசனமாக அடுக்குவேன். அதே நாட்களில் நான் செய்ததையும் கேளுங்கள்.

சுகுணாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது கேட்காது. அது சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜெபத் துணை என்பதால் அழுதுகொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள். அந்தக் காதின் மேல் கை வைத்து நான் ஜெபித்திருக்கிறேன். கம்பெனியில் தெரிந்தால் லீடர் பதவி போய்விடும் என்று அவளுக்குப் பயம். மெஷின் நின்றால் பஸ்ஸர் அடிக்கும், லீடர்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். வலது காதை வைத்தே அவள் எல்லாவற்றையும் சமாளித்து வந்தாள். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

போன ஜூலை மாதம். எங்கள் லைன்தான் சிறந்த லைன் என்று சொல்லி சுகுணாவை மேடையில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அன்று பஸ்ஸில் வரும்போதே சபையின் வாட்ஸ்ஆப் ஜெபக் குழுவில் நான் டைப் பண்ணினேன்: "பிரியமானவர்களே, நம் சகோதரி சுகுணாவுக்குச் சிறு வயது முதல் இடது காது கேட்பதில்லை. பொறுப்பான வேலையில் இருப்பதால் வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறார். பாரத்தோடு ஜெபிக்கவும்." கீழே கை கூப்பும் பொம்மை மூன்று.

அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அதுதான் எனக்குத் தைரியம். பொய் சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நான் மீறவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புறம் பேசவில்லை, ஜெபிக்கத்தானே கேட்டேன். வரிசையாக ஆமென் விழுந்தது. நடுவில் ஒரு வரி வந்தது: சுகுணா குழுவிலிருந்து வெளியேறினார். ஜெபத்துக்குக் கூடவா கோபித்துக்கொள்வாள், எவ்வளவு பெருமை பாருங்கள் என்று நினைத்தேன்.

குழுவில் இருந்த யாரோ அதைக் கம்பெனி பஸ் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்கள். அதில் சூப்பர்வைசர் இருக்கிறார். மூன்றாம் நாள் சுகுணாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, விவரத்தை ஏன் மறைத்தாய், டாக்டர் ரிப்போர்ட் இல்லாமல் வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே சீனியர் என்று சொல்லி நீலத் தொப்பியை என் கையில் கொடுத்தார்கள். அடுத்த மாதம் நிரந்தரம் என்றார்கள்.

முரளி சிரித்தான். "அண்ணி, நீங்க கேட்டீங்க, உங்க சாமி குட்த்துட்டாரு. நல்லாத்தான் வேலை செய்யுது உங்க புக்கு." மூன்று வருடம் கேட்டது கையில் இருக்கிறது. அதைத் தலையில் போட்டால் தலை வலித்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்லுகிற வீட்டார்தான் அன்று சபைக்குச் சாப்பாடு போட வேண்டும். நானும் சாட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பெயர் கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம் ஒரு பக்கம், அவள் நின்ற இடத்தில் நானும் நிற்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். ஞாயிறு காலையிலேயே சபைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, என் வீட்டுக்காரர் சிக்கன் பிரியாணி செய்துகொண்டிருந்தார். முரளியும் கூட இருந்தான்.

போதகர் ஐயா வழக்கம் போல வரிசைப்படி அன்றைய பகுதியை முதலில் தமிழிலும் பிறகு தெலுங்கிலும் வாசித்தார். அவருக்கு என் விஷயம் எதுவும் தெரியாது. காணிக்கையோடு வந்து நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்ன பகுதி. நூறு தடவை கேட்டது. ஆனால் ஒன்றை அன்றுதான் கவனித்தேன். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அதில் இல்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்று இருக்கிறது.

எழுந்து பின்பக்கம் போனேன். "அடுப்ப அணைச்சிடுங்க. நான் சுகுணா வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கரண்டியோடு நின்றார். "தம் போட்டாச்சி. ஜனங்க துன்னணும் இல்ல? உன் சாட்சி இன்னா ஆவறது?"

"சாட்சி இல்ல. நான் வந்தா பாத்துக்கலாம்."

முரளிதான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, அவள் வேலையை அவளுக்கே திரும்பக் கொடும், என்னிடமிருந்து எடுத்தாவது கொடும். பாதி சொன்னதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். முழுவதையும் சொல்லி முடிக்க நாராயணவனம் ரோடு வரை ஆயிற்று.

சுகுணா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திரும்பவே இல்லை. பிறகுதான் பார்த்தேன், நான் நின்றது அவளுடைய இடது பக்கம். தண்ணீர் சத்தம் வேறு. ஒரு வார்த்தை அவள் காதில் விழவில்லை. சொல்லிவிட்டேன் என்று அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று கூட ஒரு நினைப்பு வந்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். இந்தத் தடவை பக்கத்து வீட்டாருக்கும் கேட்டது.

"நான் ஜெபத்துக்கோசரம் போடல சுகுணா. பொறாமையில போட்டேன். நீ அந்தத் தொப்பி போட்டதுலேர்ந்து எனக்கு வயிறு எரிஞ்சிக்கினே கீது."

"தெரியும்" என்றாள். துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "என் காதுல கைய வெச்சி ஜெபம் பண்ணியேக்கா. அதே கைதான டைப் பண்ணுச்சி?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. உட்கார் என்று கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது சபையார் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நான் ஐயாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆபீசில் தொப்பியை மேஜை மேல் வைத்தேன். அங்கிருந்த அதிகாரி தெலுங்குக்காரர். "எந்துகம்மா?" என்று கேட்டார், ஏன் என்று. எனக்குத் தெரிந்த தெலுங்கில், நான் பொறாமைப்பட்டு எழுதினேன், அவள் லைனில் ஒரு நாளும் பஸ்ஸரைத் தவறவிட்டதில்லை, வேண்டுமானால் ரிக்கார்டை எடுத்துப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தக் கம்பெனியில் பதவி வேண்டாம் என்று வந்த முதல் ஆள் நான்தானாம். டாக்டர் சர்டிபிகேட் வரட்டும், பார்க்கலாம் என்றார்.

சுகுணாவின் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, "வா" என்று மட்டும் சொன்னாள். மொட்டை போட்ட பக்தர்கள் கூட்டத்தில் இடிபட்டு பஸ் ஏறி, மூன்று தடவை போனோம். போகும்போதும் வரும்போதும் அவள் பேசியது பத்து வார்த்தை இருக்காது. வலது காது நன்றாக இருக்கிறது, இந்த வேலைக்குத் தடையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸரோடு சிவப்பு விளக்கும் எரிகிற ஒரு லைனில் கம்பெனி அவளை மறுபடியும் லீடராகப் போட்டது. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் மூன்று வருடம் கேட்டதை அல்ல, பைக்கில் பாதி பாதியாகக் கேட்டதை.

அவள் தொப்பியோடு வந்த முதல் நாள் எனக்கு எரியவில்லை என்று சொன்னால் அது பொய். எரிந்தது. இப்போதும் சில நாள் வருகிறது. வந்ததும் அவள் பெயரைச் சொல்லி, அவளுக்கு நல்லது கேட்டு ஜெபிக்கிறேன். பத்து நிமிடத்தில் அடங்கும், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். நான் இன்னும் ஆபரேட்டர்தான். சோறு இறங்குகிறது, பாட்டு வருகிறது.

வேதம் இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று முரளி இப்போதும் கேட்கிறான். நான் வாதாடுவதில்லை. போனைக் கண்டுபிடித்தவர்களுக்கு என் கை தெரியாது. அந்த வசனத்தைச் சொன்னவருக்குத் தெரிந்திருந்தது. பிரியமானவர்களே, யாரைப் பார்த்தால் உங்களுக்கு எரிகிறதோ, அவர்கள் வீடு உங்களுக்குத் தெரியும். காணிக்கை காத்திருக்கட்டும், முதலில் அங்கே போங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஆராதனை முடிந்து செருப்புப் போடும்போது சுகுணா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, ஒரு விசயம். ஜெபம் பண்ணு. குரூப்ல போடாத" என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் அதற்காக ஜெபிக்கிறேன். அது என்ன என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்லமாட்டேன்.