மேடத்துக்காகக் கட்டிய அறை

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் போட்டோ வந்தது. 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.' எனக்கு இது புதிதல்ல. கதை, கட்டுரை என்று எத்தனையோ திரும்பி வந்திருக்கின்றன. ஆனால் கற்பனை ஒரு துளிகூடக் கலக்காமல் நான் எழுதியது இந்த ஒன்றுதான்... அதுவும் திரும்பி வந்தால் கோபம் வராதா?

அனுப்பியது செல்வி. என் சித்தி மகள். தா.பழூர் பக்கம், கொள்ளிடக் கரையில் ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். அங்கே மகளிர் குழுத் தலைவி. மூன்று மாதத்துக்கு முன் பெரம்பலூரில் என் வீட்டுக்கு ஒரு ஃபாரத்தோடு வந்தாள்.

"அண்ணே, நீதான் பத்திரிகையில எழுதுறீல்ல... இதை எழுதிக் குடு."

கடலோர ஊர்களின் சின்னச் சின்னப் பொதுவேலைகளுக்கு ஏதோ ஒரு அறக்கட்டளை தரும் நிதி. நம் ஜில்லாவில் கடலுக்கு எங்கே போவது? கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஆற்றுக் கரைகளுக்கும் பொருந்தும்' என்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் செல்வி.

கேள்விகள் மட்டும் கடலுக்குப் போட்டவைதான். கடலிலிருந்து எவ்வளவு தூரம்? படகுகள் எத்தனை? ஆமைகள் முட்டையிடுமா?

"ஒரு காலத்துல அரியலூரே கடலாத்தான் இருந்துச்சுன்னு எழுதுண்ணே. கல்லுல சங்கு கெடைக்குதுல்ல?"

"அப்ப படகு எத்தனைன்னு எழுத?"

"தெரியலைன்னு எழுது. அப்ப நாம பொறக்கல."

சிரித்துக்கொண்டே, "என்ன வேலைக்கு நிதி?" என்று கேட்டேன். சிரிப்பு அங்கேயே நின்றது. படித்துறையில் பெண்கள் உடை மாற்ற ஒரு அறை வேண்டும். ஆடிப்பெருக்கு, கருமாதி... எதற்கு முங்கி எழுந்தாலும் இரண்டு பேர் சேலையைப் பிடிக்க, அதற்குப் பின்னால் ஒருத்தி மாற்ற வேண்டும். காற்றடித்தால் அதுவும் இல்லை.

"முன்னயாச்சும் பரவால்லண்ணே. இப்ப எவனைப் பார்த்தாலும் கையில செல்போன். எதைப் படம் புடிக்கிறான்னு யாருக்குத் தெரியும்? ஈரச் சேலையோடயே வூடு வரைக்கும் நடக்குறோம்."

நானும் அந்தக் கரையில் முங்கியவன்தான். நடுக்கரையில் நின்று ஹாயாக வேட்டி மாற்றியவன்தான். பெண்கள் எங்கே போவார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? வெட்கமாக இருந்தது. 'தற்போதுள்ள வசதிகள்' என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று அழுத்தி எழுதினேன்.

ஒரு நாள் செல்வியிடமிருந்து போன் வந்தது. மறுநாள் நேரில் பார்க்க அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வருகிறாராம்! நானும் போனேன்.

கரை பளபளவென்று இருந்தது. ஃபிளெக்ஸ், இளநீர், வடை... எல்லாவற்றையும் தாண்டி என் கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. படித்துறைக்குப் பக்கத்தில் நாலு கால் நட்டு, சுற்றிலும் கீற்று கட்டி, கதவு வைத்து, ஓர் அறை! உள்ளே கண்ணாடி, சோப்பு டப்பா. கதவில் புதுத் தாழ்ப்பாள்.

"என்ன மாப்ளே இது?" என்றேன், செல்வியின் கணவர் ராஜேந்திரனிடம்.

"மேடம் நாகப்பட்டினத்துலேர்ந்து வராங்க மச்சான். தண்ணியில காலை வைப்பாங்க, சேலை நனையும். எங்க போயி மாத்துவாங்க? நேத்து மத்தியானம் ஆரம்பிச்சோம், சாயந்திரத்துக்குள்ள முடிச்சுட்டோம்!"

செல்வியைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் ஜீப்பில் வந்தார். வடை சாப்பிட்டார். அறையைப் பார்த்தார். ஃபாரத்தைப் பார்த்தார். "வசதி எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

எழுதியவன் நான், மெதுவாக ராஜேந்திரனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ராஜேந்திரன்தான் சுதாரித்தார். "இப்பவே பிரிச்சுடுறோங்க மேடம்!" ஓடிப்போய் ஒரு கீற்றைப் பிடித்து இழுத்தார்.

"எவன்டா அது? உள்ள ஆள் இருக்கோம்ல!"

அந்த ஊர்ப் பாட்டி கோவிந்தம்மாள். எழுபது வயது. தாழ்ப்பாள் போட்ட அறையில் அவர் சேலை மாற்றுவது அந்தக் கரையில் அதுதான் முதல் தடவை. அறைக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், கையில் மாற்றுச் சேலையோடு வரிசையில் நின்றார்கள். மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்தாலும் ரூல் ரூல்தானே? கடிதத்தில் காரணம் போட்டிருந்தது — 'வசதி ஏற்கெனவே உள்ளது.'

உடனே செல்விக்குப் போன் போட்டேன். "நான் மேல்முறையீடு எழுதித் தரேன் செல்வி. விடக் கூடாது."

"விடுண்ணே. ரூம்புதான் நிக்குதுல்ல? கீத்து மக்கினா வேற கட்டச் சொல்லிக்கிறேன். நானும் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவருகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கட்டலை. மேடம் வாயத் தொறந்து கேக்கவே இல்ல, கட்டிட்டாரு."

நாலு மூங்கில், கொஞ்சம் கீற்று, ஒரு பிற்பகல். இத்தனை வருஷம் தடையாக இருந்தது பணத் தட்டுப்பாடு அல்ல. வீட்டுப் பெண்கள் விருந்தாளி இல்லை... அவ்வளவுதான். இதை அவளிடம் சொன்னால் இன்னும் வருத்தப்படுவாளோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

"அண்ணே, எங்கூரு பஸ் ஸ்டாப்புல ஒதுங்க நிழல் இல்ல. ஜீப்புல வராம, பஸ்ஸுல வர்ற ஆபீசர் மேடம் யாரையாச்சும் உனக்குத் தெரியுமா?"