சிட்டு, எண் 27

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, காலை 6.10. தாம்பரம். தூறல் நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மேற்கே இன்னும் கறுப்பு. குடை, இரண்டு வேளை மாத்திரை, ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டேன்.

என்னோடு பழைய கம்பெனியில் வேலை பார்த்தவர் செவ்வாய்க்கிழமை அனுப்பிய படம் அது. நெல் கிடங்கு ஒன்றில் சிவப்புச் சிட்டு கார், மூக்கு நொறுங்கியிருந்தது. கீழே, "நம்ம 27, உத்திரமேரூர்." நான்கு இரவு தூக்கமில்லை.

சிட்டு நம் ஊரிலேயே செய்த ஸ்போர்ட்ஸ் கார். எழுபதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில், குடும்பக் கார் ஒன்றின் எஞ்சினை வாங்கி, கண்ணாடியிழையில் கையாலேயே உடல் வார்த்தோம். இரண்டே இருக்கை. நான்கு ஆண்டில் நாற்பத்தொரு கார். அதே விலைக்குக் குடும்பமே ஏறிப் போகிற கார் கிடைத்தபோது இதை யார் வாங்குவார்கள்? மூடிவிட்டோம்.

நான் அங்கே சோதனையாளன். ஒவ்வொரு காரையும் நாற்பது மைல் வேகத்தில் ஓட்டி மூன்று முறை பிரேக் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். 27ஐ எடுக்க உத்திரமேரூர் நிலக்காரர் வெள்ளிக்கிழமை வந்திருந்தார். பத்தரைக்கு ராகு காலம். பத்து இருபதுக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். நாற்பது கார் சோதித்தேன், ஒன்று சோதிக்கவில்லை. அந்தக் கார் யாரையாவது கொன்றதா என்பது எனக்குத் தெரியாது.

7.25. செங்கல்பட்டு ரயில் நிலையம். தேநீர் 15 ரூபாய், சர்க்கரை அதிகம். உத்திரமேரூர் பேருந்து 7.50க்கு, கட்டணம் 30. பாலாற்றுப் பாலத்தில் தண்ணீர் மூன்று ஓடையாகப் பிரிந்து ஓடியது.

9.15. உத்திரமேரூர். ஆட்டோக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு ஐம்பது கேட்டார். ஒன்றரை கிலோமீட்டர்தானே என்றேன்.

"செவப்புக் காரு கீற மண்டிதான? நடந்தே போயிடு பெரியவரே, ஏரிக்கரையெல்லாம் ஒரே சேறு."

ஏறிக்கொண்டேன்.

மண்டியை நடத்துபவர் கஸ்தூரி, நிலக்காரரின் மகள், ஐம்பது வயதிருக்கும். கம்பெனியில் வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன். கார் மூட்டைகளுக்கு நடுவே நின்றது. மூக்கைக் காட்டி, எதில் மோதியது என்று கேட்டேன்.

"மோதலயே சார். மூட்ட சரிஞ்சி மேல வியுந்துச்சி. நாலு வருஷம் ஆவுது. வண்டி சும்மா நின்னுக்கினு இருந்துச்சி."

உட்கார ஒரு மூட்டை தேடினேன். பிறகு பிரேக்கைப் பற்றிக் கேட்டேன்.

கஸ்தூரி சிரித்துவிட்டு, நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை அழைத்தார். "எஸ்தரக்கா, இவரு பிரேக்கு கேக்குறாரு!"

எஸ்தர் முறத்தோடு வந்தார். "வண்டி வந்த மொத நாளே, ஏரிக்கரை திருப்பத்துல பெரிய ஐயா பிரேக்க மிதிச்சாரு. வண்டி ஒரு பக்கமா இய்த்துக்கினு வந்து எங்க நடவுல எறங்கிடுச்சி. ஏழு பேரு நட்டுக்கினு இருந்தோம்."

"யாருக்காவது அடி?"

"இன்னாத்துக்கு அடி? சத்தம் கேட்டதும் ஏழு பேரும் கரையேறிட்டோம். பெரிய ஐயா வெள்ள வேட்டிதான் பேஜாராப் பூடுச்சி."

"மறாநாளே காஞ்சிபுரம் மெக்கானிக்கு பிரிச்சி சரி பண்ணிட்டான்" என்றார் கஸ்தூரி. "அப்பறம் பதினெட்டு வருஷம் ஓட்டுனாரு நைனா. ஆனா டெஸ்ட் பண்ணாம கையெய்த்துப் போட்டவன மட்டும் கடைசி வரைக்கும் திட்டிக்கினே இருந்தாரு."

"அது நான்தான்" என்றேன்.

எஸ்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா? ஓடறப்ப என் ஒரு கால் கொலுசு சேத்துல பூடுச்சி, தெரியுமா? ஏழு பேருல இப்போ மூணு பேரு கீறோம். மூணு பேருக்கும் டீ வாங்கிக் குடு. போண்டாவும்."

"எனக்கும்" என்றார் கஸ்தூரி.

மற்ற இருவரையும் எஸ்தரே தெருவிலிருந்து கூட்டி வந்தார். ஏரிக்கரை டீக்கடையில் என்னை உட்காரவைத்து, அன்று எந்தப் பக்கமாக ஓடினார்கள் என்று மூவரும் மூன்று விதமாகக் கைகாட்டினார்கள். எனக்கு எல்லாப் பக்கமும் சரியாகவே பட்டது.

11.40. கஸ்தூரி தன் ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். திரும்பும் வழியில் பேருந்து ஓட்டுநர் மாட்டுக்காகச் சட்டென்று பிரேக் போட்டார். எந்த வண்டியிலும் அப்படிப்பட்ட நேரத்தில் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்று அழுத்தவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் என்னை எழுப்பிய நடத்துநர்தான் அதைச் சொன்னார்.

ரயில் இரண்டு பயணம் 20, பேருந்து 60, ஆட்டோ 50, என் தேநீர் 15, ஏரிக்கரைக் கடையில் ஐந்து பேருக்கு டீயும் போண்டாவும் 100. மொத்தம் 245 ரூபாய்.