ஃபார்மட் அடிச்சிருவோம் அண்ணாச்சி!

போன வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் சொந்த வீட்டில், என் சொந்த மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டது.

நிஜமாகத்தான். பெயரை டைப் செய்தேன், பாஸ்வேர்டைக் கொடுத்தேன். தவறு என்றது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் தவறு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வரும் கோபம் இருக்கிறதே... அது ரொம்பப் பொல்லாதது.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் இல்லை, யூனிக்ஸ் ரகம். அதுதான் என் சர்வர். ரிட்டயர் ஆனவர்கள் ரோஜாச் செடி வளர்க்கலாம், நான் சர்வர் வளர்க்கக் கூடாதா?

அதில் என்ன இருக்கிறது? என் குரல் இருக்கிறது. கடையநல்லூரில் பர்வீன் என்று ஒரு பெண். முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் வளைகுடாவில் வேலை. பர்வீனுக்குப் பார்வை கிடையாது. அரசு வேலைக்கான தேர்வு எழுதுகிறாள் — இது மூன்றாவது முறை. பாடப் புத்தகங்களை நான் சத்தமாகப் படித்து, ரெக்கார்ட் செய்து, சர்வரில் போடுவேன். அவள் அங்கிருந்தே போனில் கேட்பாள். ஒன்றரை வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதாவது, இரண்டே நாளில்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஓடுகிற சர்வரில் கை வைத்த புத்திசாலி யார்? நான்தான். பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது, சிஸ்டத்தைப் புதுப்பியுங்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. தேர்வு நேரத்தில் எவனாவது புகுந்து கெடுத்துவிட்டால்? அந்த நல்லெண்ணத்தில், சிஸ்டத்தையே முதலிலிருந்து திரும்பக் கட்டும் வேலையை வியாழக்கிழமை ஆரம்பித்தேன். மறுநாள் காலைக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு படி.

அந்தப் படியில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பாகக் காட்டி, மரியாதையாகக் கேட்கும். 'இதில் நீ எழுதியது இருக்கட்டுமா, புதியதைப் போடவா?' படித்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர வேலை.

அப்போது என் கணவர் பஞ்சாங்கக் காலண்டருடன் வந்து நின்றார். அரசு வேலையில் இருந்தபோது ஒரு ஃபைலைக்கூட நேரம் பார்த்துத் திறந்த மனிதர்.

"ஏட்டி, இன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம். பன்னெண்டு வரைக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அதெப்படி? மிஷின திருப்பி ஸ்டார்ட் பண்ணுதது புதுக் காரியம்தான? அந்தப் பிள்ள பரீச்ச எழுதப் போகுது. பத்தரைக்கு முன்னாடி முடிச்சிரு."

மணி பத்து இருபது. எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. ஆனால் 'அந்தப் பிள்ளை பரீட்சை' என்றதும் விரல் தானாக வேகமெடுத்தது. புதியதைப் போடவா? போடு. அடுத்ததையும்? போடு. பட்டியலில் இல்லாத ஒரு கோப்பு கிடக்கிறது, நீக்கிவிடவா? நீக்கு! பத்து இருபத்தெட்டுக்கு ரீஸ்டார்ட் கொடுத்தேன். நல்ல நேரத்தில்.

'பதில் எழுதும் முன் கேள்வியைப் படி' என்று முப்பது வருடம் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்த வாய் இது. அந்த வாய்க்கு என்ன தண்டனை கொடுக்கலாம், சொல்லுங்கள்?

நடந்தது இதுதான். ஆட்களின் பெயர்ப் பட்டியல் இருந்த கோப்பின்மேல் வெறும் கோப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் அதற்கு என்னைத் தெரியவில்லை. நீக்கச் சொன்னேனே ஒரு கோப்பு... அது நானே எழுதியது. பாடங்கள் இருக்கும் டிஸ்க்கை நான் பூட்டி வைத்திருக்கிறேன். பர்வீனின் சான்றிதழ் நகல்களும் அதில் இருப்பதால் அந்த ஜாக்கிரதை. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் அந்தப் பூட்டைத் தானாகத் திறந்துவிடும் கோப்பைத்தான் என் கையாலேயே அழித்திருந்தேன்.

முதல் கோளாறைச் சரிசெய்துவிட்டேன். பாஸ்வேர்ட் கேட்காமல், எதிரே உட்கார்ந்திருப்பவரை நம்பி எழுந்துகொள்ளும் ஒரு வழி யூனிக்ஸில் உண்டு. அப்படி உள்ளே போனேன். பெயர்ப் பட்டியலை அது தினமும் ஒரு மூலையில் நகல் எடுத்து வைத்திருக்கும். முந்தைய நாள் நகலை எடுத்துப் போட்டதும் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

டிஸ்க் மட்டும் திறக்கவில்லை. பூட்டைத் திறக்க, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு வார்த்தைகள் வேண்டும். மூன்று வருடமாக அதுவே திறந்துகொண்டதால் எனக்கு மறந்துவிட்டது. சிவப்பு நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தேன். நோட்டைக் காணோம்.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பொங்கலோடு நின்றுவிட்டது. முக்கியமான பாடங்கள் எல்லாம் பொங்கலுக்குப் பிறகு படித்தவை.

"செவப்பு நோட்ட எங்க வச்சீங்க?"

"நான் எதுக்குட்டி அதத் தொடப்போறேன்?"

இப்படி நாங்கள் மோதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் சத்தம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவர் போன் போட்டு வரவழைத்திருக்கிறார்!

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்க்ரீனைப் பார்த்தார். அதில் கறுப்பில் வெள்ளை எழுத்து. அரை நிமிடம் பார்த்துவிட்டு என் கணவரிடம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணுமில்ல. ஃபார்மட் அடிச்சிருவோம். அர மணி நேர வேல."

"டிஸ்க்ல ஒன்றரை வருஷப் பாடம் இருக்கு" என்றேன் நான்.

"டேட்டா போயிரும் அண்ணாச்சி" என்று அவரிடமே சொன்னார். "ஆனா மிஷின் புதுசு கணக்கா ஆயிரும். வேற வழி கெடையாது. நாலு மணிக்கு பென் டிரைவோட வாரேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேள்வி கேட்டது நான், பதில் அவருக்கு. சர்வர் என்னுடையது, முடிவு எடுப்பது அவர்கள் இருவரும்!

அதைவிட எரிச்சல் — இந்த 'ஃபார்மட் அடிச்சிருவோம்'. கவனித்திருக்கிறீர்களா, நம் ஊரில் எதற்கும் இதே வைத்தியம்தான். ரேஷன் கார்டில் ஒரு பெயர் சேர்க்கப் போனால், 'இதை கேன்சல் பண்ணிட்டு புதுசா அப்ளை பண்ணுங்க.' குழாயில் ஒரு இடத்தில் கசிந்தால் தெருவையே தோண்டிப் போடுகிறார்கள். மிக்ஸியில் ஒரு வயர் அறுந்தால், 'இனிமே ஓடாதும்மா, புதுசு எடுத்துக்கோங்க.' எங்கே கோளாறு என்று குனிந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இருக்கிறதை அழிப்பதற்குப் பெயர் ரிப்பேரா? அழிப்பவருக்கு அரை மணி நேரம். அதை உண்டாக்கியவளுக்கு? அதை நம்பி இருப்பவளுக்கு?

மதியம் மூன்று மணி. பர்வீன் போனில் வந்தாள்.

"டீச்சர், எட்டாம் பாடம் ஓட மாட்டேங்கு. எம் போன்லதான் கோளாறா?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ராகு காலம் உட்பட. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"செவப்பு நோட்டா டீச்சர்?"

"ஆமா."

"அது உங்க பீரோ மேல இருக்கு."

கடையநல்லூரில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறாம் பாடத்துல கொளத்துப் பாசனம் வருமே... அங்கன பாதியில நிறுத்துவிய. சார் வந்து, 'இந்தச் செவப்பு நோட்ட எங்கன வைக்க?'ன்னு கேப்பாங்க. நீங்க, 'ரெக்கார்டிங் ஓடுதது தெரியல? பீரோ மேல எங்கனயாவது வைங்க!'ன்னு சள்ளுனு விழுவிய. பெறவு ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேக்கும். அத எத்தன தடவ கேட்டுட்டேன்... மனப்பாடம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டியா? வைக்கச் சொன்னது நீதான!"

ஸ்டூலை இழுத்தேன். பீரோ மேல், மடித்த கொசுவலைக்கு அடியில், சிவப்பு நோட்டு.

ஆறு வார்த்தைகளை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். டிஸ்க் திறந்தது. எட்டாம் பாடத்தை ஓடவிட்டேன். என் கரகர குரல் ஹால் முழுக்கக் கேட்டது. அந்தக் குரல் எனக்கு இவ்வளவு இனிமையாக எப்போதும் கேட்டதில்லை.

நாலு மணிக்குக் கடைக்காரர் பென் டிரைவோடு வந்தார். சர்வர் ஓடுவதைப் பார்த்தார். என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பெரிய ஆளுதான் அண்ணாச்சி நீங்க!"

என் கணவரும் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு முடிந்ததும் பர்வீன் கூப்பிட்டாள். நன்றாக எழுதியிருக்கிறாளாம். ஆறாம் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி வந்ததாம். நான் கொஞ்சம் வெட்கத்தோடு, "அந்தச் சண்டை வர்ற இடத்தை வெட்டி எடுத்துடட்டுமா?" என்றேன்.

"எடுத்துராதிய டீச்சர்" என்றாள் பதறிப்போய். "அடுத்த தடவ நோட்டு காணாமப் போனா, யார்ட்ட கேப்பிய?"