பென்சில் டீச்சர் அடித்த வரிகள்

அவளைப் பள்ளியில் பென்சில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பத்தியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் அடித்துப் பார்க்கச் சொல்வாள். அடித்தும் பத்தி நொண்டவில்லை என்றால் அந்த வரி வெறும் ஒட்டு. எதை அடித்தால் பத்தி படுத்துவிடுகிறதோ, அதுதான் மையக்கருத்து. முப்பத்தோரு வருஷமாக இதே பாட்டு.

இந்த வருஷத்தோடு ஓய்வு. அதற்குப் பிறகு பேச நாலு சுவர்தான். வேறு ஊரில் தனியாக இருக்கும் அக்கா ஒரு வார்த்தை கூப்பிட்டால் ஓடிவிடுவாள். ஆனால் தானாகக் கேட்க வறட்டுக் கௌரவம் விடவில்லை. அது அந்தக் குடும்பத்துச் சொத்து, இருவருக்கும் சரிபாதி.

நாலு மாசத்துக்கு முன் அக்காவின் கடிதம் வந்தது. இரண்டு பக்கம் வளவள. டீச்சர் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்தாள். முழங்கால் வலி தேவலை என்பது மட்டும் மிஞ்சியது. 'குணமானது அறிந்து மகிழ்ச்சி' என்று ஒரே வரியில் பதில் போட்டாள். அதன்பின் அக்கா எழுதவே இல்லை.

இன்று வகுப்பில் அணிலைப் பற்றிய பத்தி. கொட்டை சேர்க்கிறது, குழி தோண்டுகிறது, கூட்டில் இலை திணிக்கிறது. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"எதை அடிச்சாலும் நொண்டுது டீச்சர். ஆனா எந்த வரியும் மையக்கருத்து இல்ல."

"அப்படின்னா எதையும் அடிக்காத. எல்லாம் சேர்ந்து என்ன சொல்ல வருதுன்னு பாரு."

குளிர்காலத்துக்குத் தயாராகிறது என்றாள் அந்தப் பெண். டீச்சருக்கு அக்காவின் கடிதம் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைத் தேடி எடுத்து, பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டு முழுசாகப் படித்தாள். பின்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒருத்திக்குச் சமைத்தால் தினமும் மிஞ்சிப்போகிறது. தெருக்கோடியில் நூலகம் திறந்திருக்கிறார்கள். எனக்குப் புத்தகம் எதற்கு? முழங்கால் தேவலை, மாடிப்படி ஏற இனி யாருக்கும் பாரமில்லை.

வந்துவிடு என்று ஒரு வரியிலும் இல்லை. எல்லா வரியும் அதைத்தான் சொன்னது. டீச்சர் அழுதுவிட்டாள். அழுத கையோடு போன் செய்தாள்.

 அக்கா, பின்னறையைப் போன வாரம்தான் ஒரு நர்ஸுக்கு வாடகைக்கு விட்டதாகச் சொன்னாள்.

"ஒரு வார்த்தை வான்னு எழுதியிருக்கலாமேக்கா."

"நீ வாத்தியாரம்மா ஆச்சே. படிச்சா புரியும்னு நெனச்சேன்டி."