அடியைத் தொட்ட கப்பல்

காரிமங்கலத்தில் சந்தை கூடும் இடத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது கலைமணியின் லேத் பட்டறை. போர்வெல் பைப்புக்கு மரை போடுவது, பம்புக்கு ஷாப்ட் கடைவது, டிராக்டருக்குப் புஷ் தட்டுவது என்று வாரம் முழுக்க அங்கே இரும்புத்தூள் பறக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே என்னதான் நடக்கிறது என்று குனிந்து பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்காது. விளங்கிய பிறகு சிரிப்பார்கள். ஐம்பதை நெருங்கும் ஆள், பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, நீர்மூழ்கிக் கப்பல் செய்துகொண்டிருந்தான்.

பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். நிஜக் கப்பலின் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு அளவையும் அதே விகிதத்தில் சுருக்கி, இரண்டு கை விரித்துத் தூக்கும் நீளத்துக்குச் செய்த மாடல் அது. உடம்பு பி.வி.சி. பைப். மூக்கும் வாலும் நைலான் கட்டையில் லேத்தில் கடைந்தவை. உள்ளே ஒரு சின்ன சிலிண்டர், அதற்குள் பிஸ்டன். பிஸ்டன் தண்ணீரை உள்ளே இழுத்தால் கப்பல் முழுகும், வெளியே தள்ளினால் மிதக்கும். இப்போது கடையில் கிடைக்கிற ரிமோட்டுகளின் சிக்னல் தண்ணீருக்குள் ஒரு சாண்கூட இறங்காது என்பது இரண்டு ரிமோட்டைப் பாழாக்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் நீளமாக ஏரியல் இழுத்துவிடும் பழைய மாடல் ஒன்றை எங்கெங்கோ தேடிப் பிடித்தான். அப்படியும் சிக்னல் அறுந்துபோனால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. சிக்னல் அறுந்த கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் தானாகவே தண்ணீரைத் தள்ளிவிடும், கப்பல் மேலே வந்துவிடும். மூன்று வருஷ உழைப்பில் அவன் அதிகம் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

இத்தனையும் எதற்கு என்று யார் கேட்டாலும் சும்மா என்பான். சும்மா இல்லை. அவனுக்குக் கிணற்றின் அடியைத் தொட வேண்டும்.

ஊருக்கு வெளியே, அவர்கள் நிலத்தில், அவன் அப்பா வெட்டிய கிணறு ஒன்று உண்டு. மழை பெய்த வருஷங்களில் மூன்று ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். அண்ணன் சந்திரமோகன் சின்ன வயதில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடிச்சேற்றை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து காட்டுவார். சேறு வந்தால்தான் அடியைத் தொட்டதாகக் கணக்கு, வெறுங்கையோடு வந்தவன் பேச்சை எவனும் நம்பமாட்டான். கலைமணி ஒருநாளும் சேறு அள்ளியதில்லை. இடுப்பில் கயிறு கட்டி இறக்கிய முதல் நாளே மூக்கில் தண்ணீர் ஏறி, ஊரே கூடும்படி அலறினான். அதோடு சரி. கிணற்றுக்காரர் வீட்டுப் பிள்ளை நீச்சல் தெரியாமலே வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டான், தலையும் நரைத்துவிட்டது.

அந்த அண்ணனோடு அவன் பேசி நாலைந்து வருஷம் ஆகிறது. பட்டறையைப் பெரிசாக்கலாம் என்று தன் பங்கு நிலத்தை அரூர்க்காரர் ஒருவருக்கு விற்கப் பேச்செடுத்தான். நிலத்தோடு பாதிக் கிணறும் போகும். "அப்பா வெட்ன கெணத்துல ஊரான் வந்து தண்ணி எறைப்பானாடா?" என்று அண்ணன் நடுச்சந்தையில் கேட்டுவிட்டார். இவனும் நாலு வார்த்தை விட்டான். கடைசியில் நிலத்தை விற்கவில்லை, ஆனாலும் பேச்சு நின்றது நின்றதுதான். அண்ணன் மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு மாட்டினார். தம்பிக்குச் சாவி கொடுக்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. பெரிய ரோஷக்காரர்கள்!

"தண்ணிக்கு ஏரி இல்லியா, கல்குவாரி இல்லியா? அந்தக் கெணத்துக்கே ஏங்க போறீங்க?" என்று அவன் மனைவி மணிமேகலை கேட்டாள்.

"அதுல எனக்கும் பாதி இருக்குது."

"பாதிக் கெணத்துல கப்பல் வுடுவீங்க. மீதிப் பாதிக்காரரு எதிர்ல வந்தா மூஞ்சத் திருப்பிக்குவீங்க. நல்லா இருக்குதுங்க உங்க நாயம்."

அவன் கப்பலைக் கோணிப்பையில் சுற்றினான்.

நாலு ஞாயிறாகக் கிணற்றில் வெள்ளோட்டம் நடந்தது. முதலில் முழங்கால் ஆழம், பிறகு ஓர் ஆள் மட்டம். ஒவ்வொரு முறையும் கப்பல் சொன்னபடி கேட்டது. அடியைத் தொடுவது மட்டும் பாக்கி. ஐந்தாவது ஞாயிறு காலையில் வந்து, தண்ணீருக்கு மேலிருந்த கடைசிப் படியில் குந்தி, வால்பக்க கிரீஸை இன்னொரு தரம் பார்த்தான். பேட்டரியைப் பார்த்தான், மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவினான். எல்லாவற்றையும் பார்த்தவன் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்தில் மோட்டாருக்குத் திரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று காத்துக் கிடக்க யாருக்கும் முடியாது. ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார்கள். கரண்ட் வந்த நிமிஷமே மோட்டார் தானாக எடுக்கும். வரப்பில் நடை பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும். நாலு ஞாயிறும் மோட்டார் ஓடாததால், அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாய்ச்சல் இல்லை என்று இவனாக முடிவுகட்டிக்கொண்டான். பட்டறைக்குப் போனவனுக்குக் காட்டுப் புத்தி மழுங்கிவிட்டது, வேறென்ன சொல்வது!

கப்பல் முழுகியது. பச்சைத் தண்ணீருக்குள் அதன் கறுப்பு முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு நிழலானது, பிறகு அதுவும் இல்லை. கலைமணி மூச்சை அடக்கிக்கொண்டு ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

தலைக்கு மேலே மோட்டார் ரூமில் டக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி மோட்டார் எடுத்துவிட்டது.

எதிர்ச்சுவரை ஒட்டித் தண்ணீருக்குள் இறங்கும் இழுவைப் பைப் லேசாக அதிர்ந்தது. அதன் அடியில்தான் தண்ணீரை உறிஞ்சும் சல்லடை வாய், புட்வால்வு. கப்பல் போன திசையும் அதுதான். பிஸ்டனைத் தள்ளச் சொல்லிப் பட்டனை அழுத்தினான். ஒரு குமிழ்கூட வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினான். ஓர் ஆள் மட்டம்வரை ஒழுங்காக இறங்கிய சிக்னல், அதற்குக் கீழே இந்த உப்புத் தண்ணீரில் எங்கே அறுந்ததோ தெரியவில்லை. அறுந்தால் தானாக மேலே வர வேண்டும். வரவில்லை.

மேலே மோட்டாரின் சத்தம் மாறியது. கனமாக ஓடியது இப்போது இளைத்து ஊளையிட்டது. ஒரு மோட்டார் தண்ணீர் இழுக்கிறதா காற்றை இழுக்கிறதா என்பது காதிலேயே தெரிகிற ஆள் அவன். கப்பல் புட்வால்வை அடைத்துவிட்டது. இப்படியே ஓடினால் சீல் கருகும், காயில் போகும். அண்ணனின் தக்காளி இப்போதுதான் பூ விட்டு நிற்கிறது. மோட்டார் எரிந்து, கழற்றிப் பார்க்கும்போது அடியில் இவன் கப்பல் கிடந்தால், வேண்டுமென்றே செய்ததாகத்தான் யாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் அண்ணன் முகத்தில் முழிக்க முடியாது. இத்தனை நாளும் முழிக்காமல்தான் இருந்தான், ஆனால் அது வேறு, முடியாமலே போவது வேறு.

படிகளில் தாவி ஏறினான். பூட்டை உலுக்கினான். கல்லெடுத்து அடித்தான், கல் உடைந்தது. ஊளைச்சத்தம் காதைக் குடைந்தது. போனை எடுத்தான். 'அண்ணன்' என்று இருந்த பெயரை அவன் அழிக்கவே இல்லை. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றுவிட்டது. என்ன சொல்லித் தொடங்குவது? கப்பல் மாட்டிக்கொண்டது என்றா? மானம் பார்க்கிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுத்தினான்.

மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். அப்போது வண்டித் தடத்தில் ஒரு பக்திப் பாட்டு கேட்டது. யாரோ போனை எடுக்காமல் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். தென்னைகளுக்கு நடுவே டிவிஎஸ் ஒன்று குதித்துக் குதித்து வந்தது. மேலே சந்திரமோகன், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வண்டியை நிறுத்தக்கூட இல்லை, கீழே தள்ளிவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு ஓடி வந்து பூட்டைத் திறந்தார். ஊளை அடங்கியது.

"அண்ணா," என்றான் கலைமணி.

"கப்பல் எங்கடா?"

தம்பி கையைக் காட்டினான். இருவரும் படி இறங்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இழுப்பு நின்றுவிட்டது, இப்போதாவது மேலே வர வேண்டும். வரவில்லை. கப்பலின் வால் விசிறி புட்வால்வு சல்லடையில் சிக்கியிருக்கும் என்று கலைமணி முணுமுணுத்தான்.

சந்திரமோகன் சட்டையைக் கழற்றினார்.

"வேணாண்ணா. போனாப் போவுது. உனக்கு பிரஷர் மாத்திரை..."

"அதெல்லாம் உனக்கு ஆரு சொன்னா?"

மணிமேகலை சொல்லியிருந்தாள். அண்ணன் வீட்டுச் சேதி ஒவ்வொன்றையும் அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டு வைத்திருந்தான். அதைச் சொல்ல நேரமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிய மனிதர் படியிலிருந்து குதித்துவிட்டார்.

வளையங்கள் விரிந்து சுவரில் மோதித் திரும்பின. கலைமணி தண்ணீரையே பார்த்தான். கீழே ஏதோ அசைந்தது. சடாரென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கப்பல் வந்தது, மூக்கை வானத்துக்குக் காட்டி எழும்பி, படுத்து, ஆடிக்கொண்டு மிதந்தது.

அண்ணன் வரவில்லை.

கப்பல் அவன் காலடிக்கே மிதந்து வந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. "அண்ணா!" என்று கத்தினான். கிணறு அந்தக் குரலைத் திருப்பிக் கத்தியது. ரிமோட் எப்போது கையை விட்டு விழுந்தது என்று தெரியாது. தண்ணீருக்குள் அடுத்த படியில் காலை வைத்தான், அதற்கடுத்த படியில் வைத்தான், இடுப்பு நனைந்தது, நெஞ்சு நனைந்தது. அதற்கும் கீழே படி இருக்கிறதா என்று காலால் துழாவினான். நீச்சல் தெரியாது என்பது அந்த நேரம் அவன் நினைவிலேயே இல்லை.

இரண்டு முழம் தள்ளி ஒரு நரைத்த தலை எழும்பியது. சந்திரமோகன் வாயால் மூச்சை வாங்கி, ஒரு கையால் நீந்தி வந்து, தம்பியின் சட்டையைப் பிடித்துப் படிமேல் இழுத்துப் போட்டார்.

"நீச்சத் தெரியாத நாயி, எதுக்குடா எறங்கன?"

"கப்பல் வந்துருச்சி, நீ வரலியேண்ணா! உள்ள என்னாண்ணா பண்ண இவ்ளோ நேரம்?"

கலைமணி அழுதுவிட்டான். மறைக்கவும் பார்க்கவில்லை. அண்ணன் மடக்கியிருந்த மற்ற கையை நீட்டித் திறந்தார். கையில் சேறு. அந்த வயதிலும், அந்த அவசரத்திலும், சேறு அள்ளாமல் வர அவருக்கு மனம் வரவில்லை. பிறகு கப்பலைத் திருப்பி அதன் மூக்கைக் காட்டினார். அங்கேயும் அதே சேறு அப்பியிருந்தது.

"உன்னுது எனக்கு முன்னாலயே தொட்டுருச்சிடா."

இருவரும் ஈரத்தோடு படியில் உட்கார்ந்தார்கள். கலைமணிதான் கேட்டான். "ஞாயித்துக்கெழம மோட்டார் ஓடாதேண்ணா?"

"எப்புடி ஓடும்? நீ கோணிப்பைய எடுத்துக்கினு வர்றதுக்கு முன்ன வந்து ஆட்டோவ ஆப் பண்ணிட்டுப் போவன். இன்னிக்குத் தீர்த்தமலைக் கோயிலுக்குக் கெளம்பற அவசரத்துல மறந்துட்டன். அரூர் பஸ்ல ஏறும்போதுதான் நெனப்பு வந்துச்சி. உங்க அண்ணிய மட்டும் அனுப்பிட்டுத் திரும்பிட்டன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லண்ணா?"

"நீ கேட்டியாடா?"

கேட்கவில்லை. நாலு ஞாயிறும் இந்தப் படியில் உட்கார்ந்து தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டிருந்தான். கலைமணி தலையைத் தொங்கப்போட்டான். சந்திரமோகன் அவன் கையை இழுத்து, தன்னிடமிருந்த சேற்றை அவன் உள்ளங்கையில் அப்பி மூடினார். அது சில்லென்று இருந்தது. கலைமணி அந்தக் கையைக் கழுவாமலே வீடுவரை நடந்தான்.