பாதி உரித்த லேபிள் தாள்

எந்தத் தாள்கட்டைப் பிரித்தாலும் மேல் தாளை எடுத்துக் கீழுதட்டில் ஒரு முறை ஒற்றிப் பார்ப்பாள் அண்ணி. சில்லென்று இருந்தால் ஈரம் வாங்கிய தாள். லேசர் பிரிண்டருக்குள் சுருண்டு மாட்டிக்கொள்ளும். அதைத் தள்ளி வைத்துவிடுவாள். அவள் எனக்கு அண்ணி இல்லை, முதலாளியின் மனைவி. முதலாளியின் தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடை முழுக்க அந்தப் பேரே நின்றுவிட்டது. நான் அங்கே தாள் வெட்டி அடுக்குகிறவள்.

தங்கை, புருஷனிடம் அடி தாங்காமல் ஒரு கைப்பையோடு வந்தவள்.

"பிரிண்டரைத் தனியா ஓட்டக் கத்துக்கோ, இங்கேயே இரு. இல்லேன்னா உன் புருஷன் வீட்டுக்கே கிளம்பு. சும்மா உட்கார வெச்சு சோறு போட முடியாது" என்று எங்கள் எதிரிலேயே சொன்னார் முதலாளி.

அன்றிலிருந்து தாள் அலமாரிச் சாவி அண்ணியின் இடுப்பில் ஏறியது.

தங்கை மளமளவென்று கற்றுக்கொண்டாள். கனத்த அட்டை, மெல்லிய தாள், சூட்டில் உருகும் பளபளப்புத் தாள் எல்லாம் அத்துபடி. லேபிள் மட்டும் பாக்கி. கேட்டால், "என்ன அவசரம் பாப்பா?" என்று அண்ணி அவள் தலையைத் தடவுவாள்.

ஒரு மதியம், முதலாளி வெளியே போயிருந்தபோது, மருந்துக்கடைக்காரர் லேபிள் கேட்டு வந்து நின்றார்.

"அண்ணி, லேபிள் தாள் எடுத்துக் கொடுங்க."

"மேஜைக்கு அடியில கிடக்கே, அதைப் போடு."

அங்கே கிடந்தவை பாதி உரித்த தாள்கள். கையால் எழுதி ஒட்ட ஒதுக்கி வைத்தவை. அவற்றைப் பிரிண்டரில் விட்டால் மிச்ச லேபிள்கள் சூட்டில் கழன்று உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

"உரிச்சதாச்சே, போடலாமா?"

"ஏன், மிச்சம் இருக்கறது லேபிள் இல்லையா? வீணாக்கினா உங்க அண்ணன்தான் குதிப்பார்."

நான் நிமிர்ந்தேன். "நீ உன் வேலையைப் பாரு" என்றாள் அண்ணி.

முதல் தாள் வந்தது. அடுத்த தாளில் பசை தீய்ந்த வாடை அடித்தது. கடகடவென்று சத்தம் போட்டுப் பிரிண்டர் நின்றுபோனது. அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிய டீயை நிதானமாகக் குடித்தாள்.

முதலாளி வந்ததும், "அண்ணிதான் போடச் சொன்னாங்க" என்று தங்கை அழுதாள்.

"நானா? இத்தனை வருஷத்துல ஒரு தாள் தப்பாப் போட்டிருக்கேனா? நீங்களே சொல்லுங்க."

அவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் உருளையைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். "யாருங்க இதுக்கே லேபிள் ஒட்டினது?"

அண்ணி குனிந்து படித்தாள். "தினம் மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பின்னாடி."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோபம் போய்விட்டது என்று நினைத்துத் தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலை அவளுடைய கைப்பையை அண்ணியே கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

தங்கை இப்போது புருஷன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் கடை வழியாகப் போனாள். முன்பல் ஒன்று இல்லை. கடையில் புதுப் பிரிண்டர் ஓடுகிறது. அலமாரிச் சாவி சுவரில் ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.